பால் கொடுப்பதை நிறுத்தலாமா? பிளாஸ்டிக் ஷெட் தொழிலாளியின் மனைவிக்கு ஒரு டாக்டரின் பதில்

வட சென்னையில், கொடுங்கையூருக்குப் பக்கத்தில் குடியிருக்கும் 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவர் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கி, குருணையாக்கும் ஷெட் ஒன்றில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறார். சம்பளம் மாதம் 16,000 ரூபாய். ஷெட்டில் மொத்தம் 12 பேர். சாயங்காலம் தலைமுடியிலும் சட்டையிலும் தூசியோடு வருபவர், வந்த கையோடு நான்கு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார். ஒரு மாதத்துக்கு மேலாக அவருக்கு இருமல் இருக்கிறது. நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தேவலாம். பேன்ட் லூசாகிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் இருமல் டானிக் வாங்கிக் குடித்துப் பார்த்தாகிவிட்டது.

மாமியார் கறவை மாடு வைத்திருக்கிறார். போன வருடம் ஒரு பசு வயிறு உப்பி, தீனி எடுக்காமல் நின்றது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து வயிற்றிலிருந்து மூட்டை போல பிளாஸ்டிக் கவர்களை எடுத்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்குப் பயம். செல்போனில் வந்த வீடியோக்கள் பயத்தை வளர்த்துவிட்டன: மூளைக்குள் ஒரு ஸ்பூன் பிளாஸ்டிக், வாரத்துக்கு ஒரு ஏ.டி.எம். கார்டு அளவுக்கு நாம் பிளாஸ்டிக் தின்கிறோம், தாய்ப்பாலிலும் பிளாஸ்டிக். “என் பாலைக் குடித்து என் பிள்ளை வயிற்றிலும் அந்த மாடு மாதிரி கட்டிக்கொள்ளுமா? பால் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பவுடர் பால் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார். ரத்தத்தில் பிளாஸ்டிக் டெஸ்ட் எடுத்து, 45 நாள் பவுடர் சாப்பிட்டால் உடம்பிலிருந்து எல்லாம் வெளியேறிவிடும் என்று ஒரு சென்டரில் 14,500 ரூபாய் கேட்கிறார்களாம். நகையை வைத்தாவது கட்டலாமா, கணவரை வேலையை விடச் சொல்லலாமா, வீட்டிலுள்ள குடம், கேன், டப்பா எல்லாவற்றையும் தூக்கிப் போடவேண்டுமா, காசிமேட்டு மீனை நிறுத்தவேண்டுமா என்பவை அவருடைய மற்ற கேள்விகள்.

இனி என் பதில்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருமுன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது பிளாஸ்டிக் இல்லை. “பேன்ட் லூசாகிவிட்டது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், கூடவே எடை குறைவு. இப்படி யார் வந்தாலும், அவர் பிளாஸ்டிக் ஷெட்டில் இருந்தாலும் பேங்கில் இருந்தாலும், முதலில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வேலைத் தூசியால் வந்த இருமல் என்று நாமே முடிவுகட்டி உட்கார்ந்துவிட்டால், இருக்கக்கூடிய ஒரு தொற்று நான்கு மாதக் குழந்தையின் முகத்துக்கு நேராகத் தினமும் இருமிக்கொண்டிருக்கும்.

உங்கள் பகுதி மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். ஒருவேளை காசநோய் என்றே வந்தாலும் பதறாதீர்கள். சாதாரண வகைக்கு ஆறு மாத மருந்து, அதுவும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதையும் பரிசோதித்து, நோய் இல்லையென்றால் வராமலிருக்கத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். குழந்தை இருப்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவலாம் என்பதும் முக்கியமான துப்புதான். வேலை நாளில் ஏறி, லீவு நாளில் இறங்கும் நெஞ்சு இறுக்கம், வேலையிடத்தில் சுவாசிக்கும் ஏதோ ஒன்றால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். ஒருவருக்கே இரண்டும் இருக்கவும் கூடும். அதனால்தான் டானிக்கோடு நிறுத்தக்கூடாது என்கிறேன். சளிப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, பிறகு குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை என்ற வரிசையில் செய்யவேண்டும். மூன்றாவது, பக்கத்து ஸ்டான்லி மருத்துவமனையிலேயே கிடைக்கும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்

இத்தாலியில் 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் 34 தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள். அதில் 26 பேரின் பாலில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள் இருந்தது. நீங்கள் பார்த்த வீடியோவுக்கு இதுதான் மூலம். செய்தி உண்மை. அதிலிருந்து “அப்படியானால் பவுடர் பால் சுத்தம்” என்று நீங்கள் தாவியதுதான் தப்பு. பவுடர் பாலை எதில் கலப்பீர்கள்? வெந்நீர் ஊற்றி, பிளாஸ்டிக் பாட்டிலில் குலுக்கித்தானே? அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் செய்த பால் பாட்டில்களை இதே முறையில் சோதித்து 2020-ல் வெளியிட்டது. ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் துகள்வரை உதிர்ந்தது. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு அதிகம். துகளுக்குப் பயந்து பாட்டிலுக்கு மாறுவது, தூறலுக்குப் பயந்து மெரினா கடலில் இறங்குகிற கதை.

இன்னொன்றும் இருக்கிறது. பவுடர் பாலில் வளரும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் கூடுதலாக வரும் என்பது பல பத்தாண்டுகளாகப் பார்த்த விஷயம், அதில் சந்தேகமே கிடையாது. லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் கலந்து ஓடும் வீட்டில் அந்த ஆபத்து இன்னும் கூடும். தாய்ப்பாலில் உள்ள துகளால் ஒரு குழந்தைக்காவது இன்ன நோய் வந்தது என்று இதுவரை யாரும் காட்டியதில்லை. ஆறு மாதம்வரை வேறு எதுவும் வேண்டாம். காசநோய் சிகிச்சை உங்களுக்கே தேவைப்பட்டாலும் டாக்டர்கள் பாலை நிறுத்தச் சொல்வதில்லை, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கச் சொல்வார்கள்.

எப்போதாவது நீங்கள் வெளியே போகும்போது பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போகவேண்டியிருந்தால் எவர்சில்வர் கிண்ணமும் பாலாடையும் போதும். உங்கள் மாமியாருக்கு அது கைவந்த வேலையாக இருக்கும்.

அந்த மாடும் உங்கள் பிள்ளையும்

மாட்டின் வயிற்றிலிருந்து அத்தனை கவர்களை எடுப்பதைக் கண்ணால் பார்த்தவருக்குப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2019-ல் அதே வேப்பேரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஆனால் மாட்டுக்கு நடந்தது வேறு சங்கதி.

மாட்டுக்கு வயிறு நான்கு அறை. முதல் பெரிய அறையில் தீனி கிடந்து ஊறும். அசைபோட்டு நன்றாக நொறுங்கியது மட்டும்தான் ஒரு சின்ன வாசல் வழியாக அடுத்த அறைக்குப் போகமுடியும். குப்பைத்தொட்டியில் மீந்துபோன சோற்றைக் கவரோடு விழுங்கும் மாட்டுக்கு அந்தக் கவர் நொறுங்கவும் நொறுங்காது, வாசலைத் தாண்டவும் தாண்டாது. நாள்கணக்கில் சேர்ந்து கயிறாய் முறுக்கிக்கொள்ளும். மனிதக் குழந்தைக்கு அப்படி ஓர் அறையே கிடையாது. நாம் பேசும் துகள்கள் 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை, பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாது. விழுங்கியதில் மிகப் பெரும் பங்கு மலத்தோடு போய்விடுகிறது. நியூயார்க்கில் குழந்தைகளின் மலத்தைச் சோதித்த ஒரு சிறிய ஆய்வு 2021-ல் வந்தது. பெட் பாட்டில் செய்யும் வகைப் பிளாஸ்டிக், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மலத்தில் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. குழந்தை கண்டதையும் வாயில் வைக்கிறது, தரையில் தவழ்கிறது, அதனால் உள்ளே போவதும் அதிகம்தான். வெளியே வருகிறது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது, இல்லையா?

எல்லாமே வெளியே வந்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன். மிக நுண்ணியவை குடல் சுவரையோ நுரையீரலையோ தாண்டி ரத்தத்துக்குள் போகின்றன. 2022-ல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேருக்கு இருந்தது. அதற்கு முந்தின வருடம் இத்தாலியில் ஆறு நஞ்சுக்கொடிகளைப் பார்த்ததில் நான்கில் துகள் கிடைத்தது.

விலங்குகளிடம் என்ன தெரிந்திருக்கிறது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோக்காரர்கள் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். எலிகளுக்குத் தண்ணீரிலும் தீனியிலும் துகள் கலந்து கொடுத்த ஆய்வுகளில், குடலைக் காக்கும் வழவழப்புப் படலம் மெலிகிறது, குடல் பாக்டீரியாக்களின் கலவை மாறுகிறது, கல்லீரலில் கொழுப்பு வேலை தடுமாறுகிறது, ஆண் எலிகளுக்கு விந்தணு குறைகிறது. ஆனால் கொடுத்த அளவு பெரும்பாலும் நம் அன்றாட அளவைவிட மிக அதிகம். கொடுத்தது லேபில் செய்த உருண்டையான சுத்த மணிகள். நம் தெருவில் பறப்பதோ வெயிலில் காய்ந்து, சாயமும் ரசாயனமும் ஊறிய சில்லு. ஆகவே அந்த எலிக்கணக்கை அப்படியே நம் பிள்ளைக்குப் போடமுடியாது, கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாய்களோ நம்மோடு அதே வீட்டில் அதே காற்றைச் சுவாசிப்பவை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் 2024-ல் 47 நாய்களின் விரைகளையும் 23 மனிதர்களின் விரைகளையும் சோதித்தது. எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் இருந்தது, மனிதர்களிடம் நாய்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பி.வி.சி., அதாவது பைப்பும் ஒயர் உறையும் செய்யும் பிளாஸ்டிக், அதிகம் இருந்த நாய்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது.

உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமான ஆய்வு என்று நான் நினைப்பது வேறொன்று. சினை எலிகளின் மூச்சுக்குழாய் வழியாக மிக நுண்ணிய பிளாஸ்டிக்கைச் செலுத்தினார்கள். ஒரே நாளில் அது நஞ்சுக்கொடியிலும், குட்டிகளின் கல்லீரல், இதயம், மூளையிலும் தென்பட்டது. 2020-ல் வந்த முடிவு இது. சாப்பாட்டைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, மூச்சு வழியே உள்ளே போவதை மறந்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் அதுதான் பெரிய வாசல்.

ஸ்பூன், கார்டு, டெஸ்ட், பவுடர்

வாரத்துக்கு ஒரு ஏ.டி.எம். கார்டு, அதாவது 5 கிராம், என்ற கணக்கு 2019-ல் பரவியது. பின்னால் கணக்குப் போட்டவர்களுக்கு மைக்ரோகிராமில்தான் வந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கார்டை மறந்துவிடுங்கள்.

மூளைக்குள் ஒரு ஸ்பூன் என்பது 2025-ல் வந்த ஆய்வு. இறந்தவர்களின் மூளை, கல்லீரல், சிறுநீரகத்தைச் சோதித்ததில் மூளையில்தான் அதிகம் என்றார்கள். மாதிரியைக் கடுமையாகச் சூடாக்கிச் சிதைத்து, வரும் ஆவியை வைத்துப் பிளாஸ்டிக்கை அடையாளம் காணும் முறை அது. கொழுப்பை அப்படிச் சூடாக்கினாலும் ஏறக்குறைய பாலித்தீன் போலவே காட்டும் என்பதும், ஈரம் போக மூளையில் பாதிக்கு மேல் கொழுப்புதான் என்பதும் அந்தத் துறைக்காரர்களே எழுப்பிய ஆட்சேபம். மூளையில் துகள் இருக்கலாம். ஸ்பூன் கணக்கை நான் நம்பவில்லை.

என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவைத்தது 2024-ல் இத்தாலியிலிருந்து வந்த இதய நோய் ஆய்வு. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பெடுத்த 257 பேரைச் சுமார் மூன்று ஆண்டு கவனித்தார்கள். எடுத்த அடைப்பில் பிளாஸ்டிக் இருந்த 150 பேருக்கு, மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கரை மடங்கு. இதிலும் பிளாஸ்டிக்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்று ஆய்வு செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் ஏற்கெனவே நோயாளிகள். இருந்தாலும் “ஒன்றும் ஆகாது” என்று சிரித்துவிட்டுப் போகும் காலம் முடிந்துவிட்டது என்பது என் கருத்து.

14,500 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். நகையை வைக்காதீர்கள். ரத்தத்தில் இத்தனை இருந்தால் சரி, இத்தனைக்கு மேல் ஆபத்து என்று உலகத்தில் எங்கும் ஓர் அளவு வகுக்கப்படவில்லை. ரத்தம் எடுக்கும் ஊசிக்குழாயும் டியூபும் பிளாஸ்டிக், அந்த அறைக் காற்றிலும் பிளாஸ்டிக் இழை பறக்கிறது. ஆராய்ச்சிக்கூடங்களே இந்தக் கலப்படத்தைத் தடுக்கப் படாதபாடு படுகின்றன. ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் வரும், அதை வைத்து யாரும் எதுவும் செய்யமுடியாது. துகளை உடம்பிலிருந்து வெளியேற்றுவதாக நிரூபிக்கப்பட்ட பவுடரோ மாத்திரையோ கஷாயமோ கிடையாது. பால் கொடுக்கும் தாய், என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பவுடரை 45 நாள் சாப்பிடுவது எனக்குத் துகளைவிடப் பெரிய கவலை.

கணவரின் வேலை

“வேலையை விடச் சொல்லவா?” என்று கேட்டிருக்கிறீர்கள். 16,000 ரூபாயில் வாடகையும் பெரிய பிள்ளையின் பள்ளிக்கூடமும் ஓடும் வீட்டில், ஒரு டாக்டர் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து “விடுங்கள்” என்று சொல்வது சுலபம். முதலில் நோய் என்னவென்று தெரியட்டும். வேலையால் வந்த ஆஸ்துமா என்று உறுதியானால் அதே தூசியில் தொடர்வது நல்லதில்லை. சீக்கிரம் விலகியவர்களுக்குத்தான் குணமாகும் வாய்ப்பு அதிகம். அப்போதும் வேலையை விடுவதற்கு முன்னால் அதே ஷெட்டில் அரவை மெஷினிலிருந்து லோடு, தரம்பிரிப்பு என்று மாற்றிக் கேட்கலாம்.

பிளாஸ்டிக் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதற்குத் தொழிலாளர்களிடமிருந்து கிடைத்த சான்று, பொதுமக்களிடம் கிடைத்ததைவிடப் பழையது, உறுதியானது. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் நைலான் இழையைப் பொடியாக வெட்டும் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு தனி நுரையீரல் நோயே அடையாளம் காணப்பட்டது. பி.வி.சி. தூசியைப் பல வருடம் சுவாசித்தவர்களுக்கும் நுரையீரல் தடித்துப்போனதாகப் பதிவுகள் உண்டு. பி.வி.சி. என்றால் கல்லீரல் புற்றுநோய் என்று யாராவது பயமுறுத்தினால், அது 1974-ல் அமெரிக்காவில் பி.வி.சி.யைத் தயாரிக்கும் ஆலையில் மூலப்பொருளான வாயுவைச் சுவாசித்தவர்களிடம் கண்டறியப்பட்டது. பழைய பைப்பை அரைப்பவருக்கு அதே கணக்கு பொருந்தாது. ஆனால் பி.வி.சி.யை உருக்கும்போது வரும் புகை கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். எந்தப் பிளாஸ்டிக்கை உருக்குகிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.

உரிமை பற்றி மூன்று விஷயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் பதிவு செய்வது முதலாளியின் கடமை, அவர் மனசு வைத்துச் செய்யும் உதவி அல்ல. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்தான், 16,000-க்கு 120 ரூபாய் வருகிறது. முதலாளி 3.25 சதவீதம் கட்டவேண்டும். கார்டு இருந்தால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து மருத்துவம், நோயால் வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி கிடைக்கும். அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உங்களுக்குத் தூரமில்லை. இரண்டாவது, வேலையிடத்துப் பொருளால் வரும் ஆஸ்துமா சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அதனால் நுரையீரல் பரிசோதனைச் சீட்டையும், “வேலை நாளில் கூடுகிறது” என்று டாக்டர் எழுதியதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு இழப்பீடு என்று வரும்போது இந்தக் காகிதம்தான் பேசும். மூன்றாவது, தூசியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு செய்யவேண்டியது முதலாளி. கேட்டும் செய்யாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம்.

புகார் கொடுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. சின்ன ஷெட்களில் அது நிஜமான ஆபத்து. ஆகவே முதல் அடியைச் சண்டையில்லாமல் வைக்கச் சொல்வேன். நான்கைந்து பேர் சேர்ந்து போய், அரவையின்போது தண்ணீர் தெளித்து ஈரமாக அரைப்பது, மெஷின் வாய்க்கு மூடி போடுவது, எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பது ஆகியவற்றைக் கேட்கட்டும். செலவு குறைவு, மெஷின் காரர்களுக்கே தெரிந்த வேலைகள். கர்ச்சீப்பைக் கட்டிக்கொள்வது தூசிக்கு வேலைக்கு ஆகாது. என்95 மாஸ்க் முகத்தில் இறுக்கமாக உட்காரவேண்டும், உருக்கும் இடத்து வாயுவை அதுவும் தடுக்காது.

வீட்டுக்கு அவர் கொண்டுவரும் தூசியைத் தடுக்க ஒரு பைசா செலவில்லை. ஷெட்டிலேயே வேலைச் சட்டையை மாற்றிவிட்டு வரட்டும். முடியாவிட்டால் வாசலில் கழற்றி, உதறாமல், தனி வாளியில் போடட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்காதீர்கள். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கிப் புழுதி கிளப்புவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. தூளி கட்டியிருந்தால் நைலான் புடவையை எடுத்துவிட்டு நூல் புடவையில் கட்டுங்கள், பிள்ளை நாள் முழுக்க மூக்கை அதில்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் பக்கத்தில் குப்பைமேட்டுப் புகை இருக்கிறது, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் டயர் தேய்ந்த தூசி இருக்கிறது, மணலி ஆலைகளின் காற்று இருக்கிறது. ஒரு குடும்பம் தனியாக அதையெல்லாம் நிறுத்தமுடியாது. அது தெருவே சேர்ந்து மாநகராட்சியிடம் கேட்கவேண்டியது. ஆனால் பக்கத்தில் யாராவது செம்புக் கம்பிக்காக ஒயரைக் கொளுத்தினாலோ, போகிக்கு டயர் எரித்தாலோ சும்மா இருக்காதீர்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு சண்டை போடுங்கள். பி.வி.சி. ஒயர் எரிந்தால் வரும் டையாக்சின், இந்தத் துகள் பேச்சையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் விஷம்.

குடமும் கேனும் மீனும்

எதையும் தூக்கிப் போடவேண்டாம். போட்டால் அதுவும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குத்தான் வரும். சூடும் பிளாஸ்டிக்கும் சேராமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐ.ஐ.டி. கரக்பூரில் காகித டீ கப்பைச் சோதித்தார்கள். அதன் உள்பக்கம் பாலித்தீன் பூச்சு. 100 மில்லி சூடான திரவத்தில் 15 நிமிடத்தில் சுமார் 25,000 நுண்துகள் உதிர்ந்தது. கவரில் கட்டித்தரும் டீயும் சாம்பாரும் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து அந்தக் கவருக்குத் தடை, கடைக்காரருக்கும் தெரியும். தூக்கு எடுத்துப்போனால் போதும். ஆவின் பால் குளிர்ச்சியாக பாக்கெட்டில் வருவதில் பெரிய பிரச்சினை இல்லை, பாத்திரத்தில் ஊற்றித்தானே காய்ச்சுகிறீர்கள்? மாமியார் கறக்கும் பாலும் அப்படியே. காய்ச்சிக் குடிக்கலாம், பெரிய பிள்ளைக்குக் கொடுக்கலாம். அவர் மாட்டைக் குப்பைத்தொட்டிப் பக்கம் அவிழ்த்துவிடாமல் இருந்தால் மாட்டுக்கும் நல்லது.

பச்சைத் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் இருக்கட்டும். வெயிலில் காயவைக்காதீர்கள், உள்பக்கம் சொரசொரப்பாகிவிட்டால் மாற்றுங்கள். குடிக்க வைக்கும் தண்ணீருக்கு எவர்சில்வர் குடம் வாங்கமுடிந்தால் அது நல்ல முதலீடு, அந்த 14,500-ல் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. பாட்டில் தண்ணீர் சுத்தம் என்று நினைத்து அதற்கு மாறவேண்டாம். அமெரிக்காவில் 2024-ல் எண்ணிப் பார்த்ததில் லிட்டருக்குச் சராசரி 2 லட்சத்து 40 ஆயிரம் துகள், பத்தில் ஒன்பது மிக நுண்ணிய ரகம். அதே வருடம் சீனாவில் செய்த சோதனை ஒன்று நம் ஊருக்குத் தோதானது. உப்புக் கட்டும் கடினத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால், அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு துகள்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மிகக் கடினமான தண்ணீரில் 90 சதவீதம்வரை நீங்கியது. காய்ச்சி, ஆறவிட்டு, தெளிந்ததை நெருக்கமான துணியில் வடிகட்டுங்கள். போர் தண்ணீருக்கு இது நன்றாக வேலை செய்யும், மெட்ரோ தண்ணீருக்குக் கொஞ்சம் குறைவு. கிருமியும் சாகும் என்பதால் எப்படியும் நஷ்டமில்லை.

மீனை நிறுத்தவேண்டாம். மீனில் துகள் பெரும்பாலும் குடலில்தான் கிடக்கும், அதைத்தான் கழுவும்போதே எடுத்துவிடுகிறீர்கள். நெத்திலிக்குத் தலையோடு குடலையும் கிள்ளிவிடுங்கள், இறாலுக்கு முதுகு நரம்பை எடுங்கள். பால் கொடுக்கும் உங்களுக்கு மீன் தரும் சத்து இந்தக் காசுக்கு வேறெதிலும் கிடைக்காது.

இந்த வாரம் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரு நாள் அரை லீவு போட்டாவது அவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அரைப்பது என்னென்ன பிளாஸ்டிக், உருக்குவது எது, அவர் எந்த மெஷினில் எத்தனை மணி நேரம் நிற்கிறார், இருமல் தொடங்கியது எப்போது, லீவு நாளில் எப்படி, பீடி சிகரெட் உண்டா. ஷெட்டில் இன்னும் யாராவது இருமுகிறார்களா என்றும் அவரைக் கேட்டு எழுதுங்கள். இருந்தால் அந்த ஆளையும் கூடவே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.